சமையலறையில் எது உயிரோடிருக்கிறது?

கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியிருக்கிறது திருவிடந்தை. கல்யாணத்திலிருந்து பிரிக்க முடியாத ஊர். 108 திவ்ய தேசங்களில் ஒன்றான இங்கே, காலவ முனிவரின் 360 பெண்களையும் நாளுக்கு ஒருவராகப் பெருமாள் மணந்து நித்யகல்யாணப் பெருமாள் ஆனார் என்கிறது தலபுராணம். வரன் அமைய வேண்டி வருகிறவர்கள் பெருமாளுக்குச் சாத்திய மாலையைப் போட்டுக்கொண்டு பிராகாரம் சுற்றுகிறார்கள். அந்த மாலையை வீட்டில் பத்திரப்படுத்தி, கல்யாணம் முடிந்ததும் தம்பதியாக எடுத்து வருகிறார்கள். எனக்கு இந்த ஊர் என்றால் மாலையைவிடக் கல்யாண வீட்டின் இன்னொரு பொருள்தான் முதலில் நினைவுக்கு வரும்: பாலிகைக் கிண்ணம்.

சின்னச் சின்ன மண்கிண்ணங்கள், அவற்றில் கொஞ்சம் மண். நெல், உளுந்து, எள், பயறு, கடுகு போன்றவற்றைப் பால் கலந்த நீரில் ஊறவைத்துச் சுமங்கலிகள் தெளிப்பார்கள். முளைவிட்டதும் குளத்தில் கரைப்பார்கள். கோயில்களில் பிரம்மோற்சவத்துக்கு முன் செய்கிற அங்குரார்ப்பணமும் தென்மாவட்டத்து அம்மன் கோயில் முளைப்பாரியும் இதே குடும்பம்தான். வீட்டுக்குள் அழகுக்காகத் தொட்டியில் செடி வளர்ப்பது நர்சரிகளோடு வந்த பழக்கம் என்று நினைக்கிறோம். அதற்கு வெகுகாலம் முன்பே, சமையலறை டப்பாவிலிருந்து ஒரு பிடி அள்ளித் தூவிப் பசுமையை வீட்டுக்குள் கொண்டுவந்தவர்கள் நம் பெண்கள். இப்போது கல்யாணம் ஒரே நாளில் முடிவதால் பாலிகை முளைக்கும்வரை மண்டபத்தில் யாரும் இருப்பதில்லை. இழப்புதான்.

பாலிகையில் நெல்லைத் தூவுவார்கள்; அரிசியைத் தூவுவதில்லை. முழு உளுந்து போடுவார்கள், உளுத்தம்பருப்பைப் போடுவதில்லை. நெல்லின் ஒரு முனையில் ஒட்டியிருக்கும் முளைக்கரு, ஆலையில் தீட்டும்போது தவிட்டோடு போய்விடுகிறது. மிஞ்சும் அரிசி வெறும் சாப்பாட்டு மூட்டை. அதைச் சாப்பிட்டு வளரவேண்டிய பிள்ளை அதில் இல்லை. புழுங்கலுக்கோ நெல்லாக இருக்கும்போதே வேக்காடு முடிந்துவிடுகிறது. பருப்பில் நடப்பது வேறு. இரண்டு பருப்புகளுக்கும் நடுவில், ஓரமாக, சின்னஞ்சிறு கொக்கியாக உட்கார்ந்திருக்கிறது முளைக்கரு. உடைக்கும்போது அது உதிர்ந்துபோகிறது.

இந்தக் கண்ணோடு அஞ்சறைப்பெட்டியைத் திறந்து பாருங்கள். கடுகும் வெந்தயமும் உயிரோடிருக்கின்றன. தனியாவும் அப்படியே; ஆனால் ஒவ்வொரு உருண்டையும் இரண்டு விதை ஒட்டிய காய் என்பதால், உள்ளங்கையில் தேய்த்து இரண்டாக்கித் தூவ வேண்டும். மிளகு முளைக்காது, பழுக்கும் முன்பே பறித்து வெயிலில் காயவைத்தது. விரலி மஞ்சளும் முளைக்காது. வேகவைத்து உலர்த்திய பிறகே கடைக்கு வருகிறது. பொங்கலுக்குப் பானையில் கட்டும் பச்சை மஞ்சள் கொத்தின் கிழங்கு மட்டும் உயிருள்ளது. தை மாதம் அதை மண்ணில் வைத்துவிட்டு முளை வரவில்லையே என்று தோண்டிப் பார்க்காதீர்கள். அதற்கு உறக்ககாலம் உண்டு. சித்திரை வெக்கையில்தான் கண் திறக்கும். கோடைமழை விழுந்ததும் வாழையிலைச் சாயலில் அகன்ற இலைகளை விரிக்கும்.

பயறு முளைவிடுவதை ஒரு கண்ணாடி டம்ளரில் கவனிக்கலாம். டம்ளரின் உட்சுவரில் ஈரத்துணியைச் சுற்றி, துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே பச்சைப்பயறையும் கருப்புக் கொண்டைக்கடலையையும் செருகிவையுங்கள். இரண்டிலும் முதலில் வெளிவருவது வேர். அடுத்துப் பயறின் தண்டு வளைந்து எழும்பி, தன் இரண்டு பருப்புகளையும் மேலே தூக்கிக்கொண்டு போகும். கடலையோ தன் பருப்புகளை வைத்த இடத்திலேயே விட்டுவிட்டுக் குருத்தை மட்டும் அனுப்பும். மொச்சையும் கொள்ளும் பயறின் வழி. துவரை கடலையின் வழி.

தண்டு ஏன் வளைந்து வருகிறது? முனையிலிருக்கும் இளங்குருத்து மண்ணில் உரசிக் கிழியாமலிருக்க, வளைந்த முதுகால் மண்ணை முட்டிக்கொண்டு வருகிறது. வெளிச்சம் பட்டதும், சிவப்பொளியை உணரும் பைட்டோகுரோம் என்ற புரதம் வேலையைத் தொடங்குகிறது. வளைவு நிமிர்கிறது, நீட்சி நிற்கிறது, இலை விரிகிறது. பூக்கும் தாவரங்களில் பச்சையம் உருவாகும் வழியில் ஒரு படிக்கு ஒளி கட்டாயம் தேவை. முளைப்பாரியை இருட்டறையில் வைத்து வளர்ப்பதால்தான் அது வெளிறிய மஞ்சளில், ஒரே உயரத்தில், நெடுநெடுவென்று நிற்கிறது. வெளிச்சத்தைத் தேடி, விதைக்குள் இருந்த சேமிப்பு முழுவதையும் அது உயரத்திலேயே செலவிடுகிறது. சன்னலோரம் வைத்தால் பச்சை பிடிக்கும். ஆனாலும் தானிய முளைக்கு அலங்கார ஆயுள் இரண்டு மூன்று வாரம்தான். கேழ்வரகையோ கோதுமையையோ அகலக் கிண்ணத்தில் நெருக்கமாகத் தூவினால், கொலு மேடைக்குத் தேவையான புல்வெளி அந்தக் காலத்துக்குள் கிடைத்துவிடும்.

நீடித்து நிற்கிற செடி வேண்டுமென்றால் பழக்கொட்டைக்கு வரவேண்டும். கொட்டைகளில் இரண்டு சாதி உண்டு. புளி, பேரீச்சை, பயறு வகைகள் உலர்ந்தாலும் சாவதில்லை. உலர உலர ஆயுள் கூடும். மா, பலா, நாவல், கறிவேப்பிலை விதைகள் உலர்ந்தால் செத்துவிடும். இந்தப் பிரிவை வரையறுத்து 1973-ல் பெயர் வைத்தவர் ஈ.எச். ராபர்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் விதையியலாளர். இஸ்ரேலின் மசாடா கோட்டை அகழ்வில் கிடைத்த, ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழைய பேரீச்சங்கொட்டை ஒன்று 2005-ல் நட்டபோது முளைத்து மரமானது. ஆனால் பலாக்கொட்டையைச் சில வாரம் வெளியே காயவிட்டால் போதும், கதை முடிந்தது. குளிர்பெட்டியில் வைத்தால் இன்னும் சீக்கிரம் கெடும். மழைக்காட்டு மரபில் வந்த விதைக்குக் குளிர் ஆகாது. அங்கே எந்நேரமும் ஈரமும் வெப்பமும் இருப்பதால், காத்திருக்கும் திறமை அதற்குத் தேவைப்படவில்லை. ஆகவே சுளையைத் தின்ற அன்றே கொட்டையை ஊன்றிவிட வேண்டும்.

மாங்கொட்டையை ஓட்டோடு அப்படியே புதைத்தால் முளைக்க நாளாகும். ஓரத்தைக் கத்தரியால் பிளந்து, உள்ளேயிருக்கும் பருப்பை எடுத்து ஈரமண்ணில் வையுங்கள். பங்கனப்பள்ளி, நீலம், அல்போன்சா ஆகியவற்றில் ஒரு பருப்புக்கு ஒரு கன்றுதான் வரும். அது தாயைப் போலவே இருக்கும் என்ற உறுதியில்லை. கேரளக் கரையின் ஒளூர், சந்திரக்காரன் வகைகளில் ஒரே கொட்டையிலிருந்து பல கன்றுகள் எழும்பும். அவற்றில் பெரும்பாலானவை மகரந்தத்தின் பங்கே இல்லாமல், தாயின் திசுவிலிருந்தே உருவான நகல்கள். தொட்டிச் செடிக்கு இந்த வேறுபாடு முக்கியமில்லை. பழத்துக்காக வளர்க்காதீர்கள், இலைக்காக வளருங்கள் என்பதுதான் என் கட்சி. மாங்கன்றின் புதுத்தளிர் செம்பு நிறத்தில், பட்டுத்துணித் தொய்வோடு தலைகீழாகத் தொங்கும். சில நாளில் விறைத்துப் பச்சையாகும். அந்தச் சில நாளுக்குச் சமமான நிறம் கடையில் வாங்கும் குரோட்டன்ஸில்கூட இல்லை.

புளியங்கொட்டைக்கு அவசரமே இல்லை. ஓராண்டு பழைய கரிய புளியிலிருந்து எடுத்தாலும் முளைக்கும். ஓடு கெட்டி என்பதால் சிமெண்டுத் தரையில் ஒரு பக்கம் உள்நிறம் தெரியும்வரை தேய்த்து, ஓரிரவு ஊறப்போட வேண்டும். ஒரு சாண் உயரக் கன்றிலேயே அந்த மென்மையான கூட்டிலை வந்துவிடும். பொழுது சாய்ந்ததும் ஜோடி ஜோடியாகக் கைகூப்பும். சிற்றிலைகளின் அடியிலுள்ள சிறு புடைப்பில் பொட்டாசியமும் நீரும் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாறுவதால் நடக்கும் அசைவு இது. கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்தரின் கடற்படையில் இருந்த ஆந்திரோஸ்தினீஸ், இன்றைய பஹ்ரைன் தீவில் ஒரு மரத்தின் இலைகள் இரவில் உறங்குவதை எழுதிவைத்தார். அது புளியமரமே என்று கருதப்படுகிறது. உயிர்களுக்குள் ஓடும் நாட்கடிகாரத்தைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று அது.

எலுமிச்சை விதையையும் உலரவிடாமல் நடவேண்டும். பளபளக்கும் இலை, கசக்கினால் மணம். சில மாதத்தில் இலைமேல் பறவை எச்சம் போல ஒன்று ஒட்டியிருக்கும்; துடைத்துவிடாதீர்கள். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு அந்த வேடத்தில்தான் பிழைக்கிறது. வளர்ந்ததும் இலைப்பச்சைக்கு மாறும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவைபிரிந்த சிவந்த உறுப்பு ஒன்றை நீட்டி நெடி கிளப்பும். கறிவேப்பிலைக்கும் அதே பூச்சி வரும்.

கறிவேப்பிலை என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காய்கறியோடு கொசுறாகக் கிடைத்த ஈர்க்கை மண்ணில் செருகிவிட்டு ஏமாறாத வீடு குறைவு. அந்த ஈர்க்கு முழுவதும் சேர்த்து ஒரே ஓர் இலை. நாம் உருவிப் போடுவது அதன் சிற்றிலைகள். அந்த இலை கிளையோடு சேரும் கக்கத்தில் இருந்த மொட்டு மரத்திலேயே தங்கிவிட்டது. மொட்டு இல்லாத இடத்திலிருந்து செடி எழும்புவது அபூர்வம். புதினாவை எடுத்துப் பாருங்கள்: தண்டில் கணுக்கள், கணுதோறும் மொட்டு. ஒரு கணு நீருக்குள் இருந்தால் போதும், ஒரு வாரத்தில் வெள்ளை வேர் தெரியும். பொன்னாங்கண்ணியும் பசலையும் இப்படித்தான். கீரை ஆய்ந்தபின் எஞ்சும் செந்தண்டுப் பசலையை நட்டுச் சன்னல் கம்பியில் ஏற்றிவிட்டால், கருநீலக் காய்கள் கொத்தாகத் தொங்கும் கொடி உங்களுடையது.

திருவிடந்தைக் கடற்கரையில் நடந்தால் காலில் இடறும் கொடி ஒன்றுண்டு. ஆட்டுக்குளம்பு போல நுனி பிளந்த தடித்த இலை, ஊதாநிறப் புனல் பூ. சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்தில் அடும்பு என்று வருவது இதுதான். மணலைப் பிடித்து நிறுத்துகிற இந்தக் கொடியும் நம் கூடையிலிருக்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் ஐப்போமியா என்ற ஒரே பேரினம். சர்க்கரைவள்ளியைத் தொட்டியில் வைத்தால் நாலைந்து வாரத்தில் இதய வடிவ இலைகளோடு கொடி வழியும். அடும்புக்கும் அதற்கும் உள்ள உறவைத் தண்டின் பாலில் பார்க்கலாம். உருளைக்கிழங்கு மண்ணுக்குள் பருத்த தண்டு. அதன் கண் ஒவ்வொன்றும் ஒரு கணு. சர்க்கரைவள்ளியோ பருத்த வேர். வேரில் கணுவும் மொட்டும் கிடையாது. தேவைப்படும்போது புதிதாக மொட்டை உண்டாக்கிக்கொள்கிறது. அதுவும் எங்கே வேண்டுமானாலும் இல்லை. கொடியோடு ஒட்டியிருந்த முனையில் தளிர் முந்தும், வால்முனையில் வேர் முந்தும். தலைகீழாக வைத்தாலும் கிழங்குக்குத் தன் தலை எது என்று தெரியும்; ஆக்சின் என்ற வளரூக்கி அதன் திசுக்களில் எப்போதும் தலையிலிருந்து வாலுக்கே பாய்கிறது. ஆகவே வெட்டுத்தழும்பு உள்ள தலைமுனை மேலே இருக்கும்படி, பாதிக் கிழங்கு நீரில் முங்க வையுங்கள்.

அன்னாசியின் கொண்டையை வெட்டி எறிவதுதான் எனக்கு ஆகவே ஆகாது. அந்தக் கொண்டை பழத்தின் அலங்காரம் இல்லை. பூத்துக் காய்த்தபின்னும் வளர்வதை நிறுத்தாத தண்டின் நுனி. சதையை முழுதும் நீக்கி, அடியிலைகளை வரிசையாக உரித்துக்கொண்டே வந்தால், தண்டைச் சுற்றிப் பழுப்புநிறப் புள்ளிகள் தென்படும். அவை ஏற்கெனவே தயாராகிவிட்ட வேர்மொட்டுகள், ஈரத்துக்காகக் காத்திருக்கின்றன. வெட்டிய இடம் காய இரண்டு நாள் விட்டு, மணல் கலந்த மண்ணில் நடுங்கள்.

அன்னாசிக்குத் தண்ணீர் குறைவாகப் போதும். பகல் வெயிலில் இலைத்துளைகளை மூடிவைத்து, இரவில் திறந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை அமிலமாக்கிச் சேமித்து, மறுநாள் ஒளியில் அதைச் சர்க்கரையாக்குகிற இனம் அது. இந்த உத்தியின் முதல் தடயங்களில் ஒன்று நம் பக்கத்திலேயே கிடைத்தது. சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலராக இருந்த பெஞ்சமின் ஹெய்ன், ரணகள்ளி இலையை மென்றுபார்த்தார். விடியற்காலையில் புளித்த இலை நண்பகலில் சப்பென்று இருந்தது. அவர் எழுதிய அந்தக் குறிப்பு 1815-ல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் வெளியானது. இரவில் அமிலம் சேர்ந்து பகலில் செலவாவதை நாக்கே காட்டிக்கொடுத்தது.

கூடையடியில் மறந்துபோன சேப்பங்கிழங்கும் அழகான தொட்டிச்செடிதான். யானைக்காது இலையில் விழுந்த நீர், மெழுகுப்பூச்சும் நுண்புடைப்புகளும் இருப்பதால் ஒட்டாமல் உருண்டோடும். விடியலில் இலைநுனியில் சொட்டும் துளி பனி இல்லை, வேர் உறிஞ்சி மேலே தள்ளிய நீர். பச்சை இலையையும் கிழங்கையும் குழந்தைகள் கடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊசிப் படிகங்கள் தொண்டையைக் குத்தும். வெங்காயம் முளைக்கவே மாட்டேன் என்கிறதா? நாசிக் அருகே லாசல்கானில் பாபா அணு ஆராய்ச்சி மையம் அமைத்ததைப் போன்ற நிலையத்தில் காமாக் கதிர் பட்டு வந்ததாக இருக்கலாம். மிகக் குறைந்த அளவுக் கதிர், மொட்டிலுள்ள செல்கள் பிரிவதை மட்டும் நிறுத்திவிடும். சாப்பிடத் தடையில்லை, நடத்தான் உதவாது.

இந்தக் கரையின் மரமான தென்னையும் தொட்டிக்கு வரும். தேங்காயின் மூன்று கண்ணில் ஒன்று மட்டும் மெத்து. அதற்கு அடியில் விரல்நுனியைவிடச் சின்னதாக முளைக்கரு இருக்கிறது. முளைக்கும்போது அது குருத்தை வெளியே அனுப்பும் அதே நேரம், உள்ளே பஞ்சு உருண்டை ஒன்றை வளர்க்கும். அந்த உருண்டை இளநீரையும் பருப்பையும் கரைத்து உறிஞ்சிக் குருத்துக்கு ஊட்டும். தள்ளுவண்டியில் தேங்காய்ப்பூ என்று விற்பது அந்த உறுப்பைத்தான். பனங்கொட்டைக்குள் தவுன் என்று தின்பதும் அதன் தோழனே. பாதி மட்டை உரித்த காயைச் சாய்வாக வைத்து ஈரம் காத்தால் மூன்று நான்கு மாதத்தில் குருத்து எழும்பும். முதல் இலைகள் கீறாமல் விசிறியாக விரியும். காயிலுள்ள சேமிப்பு தீரும்வரை, கிட்டத்தட்ட ஓராண்டு, அதற்கு உரமே வேண்டாம்.

திருவிடந்தையில் தொட்டி வைக்கிறவர்களுக்கு உள்ள உண்மையான எதிரி உப்பு. நிலத்தடியில் மழையால் சேர்ந்த நல்லநீர், கனமான கடல்நீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. அதிகம் இறைத்தால் உப்பு மேலே ஏறும். பக்கத்து நெம்மேலியில், கடல்நீரிலிருந்து நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை 2013-ல் திறக்கப்பட்டது. தென்சென்னையின் தாகத்துக்குக் கடலையே நாடவேண்டிய நிலை வந்திருக்கிறது. கிணற்றுநீர் ஊற்றிய மண்தொட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளையாகப் பூப்பதைப் பாருங்கள்: நீர் தொட்டிச்சுவர் வழியே கசிந்து ஆவியாகிவிட, உப்பு மட்டும் தங்கிவிட்டது. அதே உப்பு உள்ளே வேரைச் சுற்றியும் சேர்கிறது. மண்ணில் ஈரமிருந்தும் வேரால் உறிஞ்ச முடியாமல் இலைநுனி கருகும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீரில் உப்பு இன்னும் செறிந்திருக்கும். வீணாகிறதே என்று அதைத் தொட்டிக்கு ஊற்றவே கூடாது. அரிசி கழுவிய நீர் நல்லது. தென்னைநார்க் கழிவைக் கலப்பதானால் இரண்டு மூன்று முறை அலசிவிட்டுக் கலக்கவும். அதிலும் உப்பு உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டிகளை எடுத்துத் திறந்த இடத்தில் வையுங்கள். அடித்துளை வழியே ஆண்டு முழுவதும் சேர்ந்த உப்பு கழுவிப்போகும். அதற்குத் துளை இருந்தாக வேண்டும். துளையில்லாத பீங்கான் கிண்ணம் பார்க்க அழகு, செடிக்கு ஆகாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். புதினாத் தண்டும் சர்க்கரைவள்ளியும் நிற்கிற கண்ணாடிப் பாத்திரங்கள் டெங்குக் கொசுவுக்கும் உகந்த இடம். ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையை ஒட்டவைக்கும். நீரைக் கொட்டினாலும் அது போகாது. மாதக்கணக்கில் காய்ந்துகிடந்து, மறுபடி நனைந்ததும் பொரிக்கும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரத்துக்கு இரண்டு முறை நீரை மாற்றுங்கள். மாற்றும்போதெல்லாம் உட்சுவரை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டையும் சேர்த்து.